பர்லிங் அம்மையார்

நாடகங்களில் வரும் மாந்தருள் சிலர் நிகழ்ச்சிகளால் உள்ளம் மாறுவர். சிலர் எது நேர்ந்தாலும் மாறார். தவறு செய்தவர் இறுதியில் வருந்தித் திருந்துவதைக் காணும்போது காண்போர்க்கு ஆறுதல் பிறக்கின்றது. திருந்தாத ஒருவரைக் காணும்போதோ ஒரு வினா பிறக்கின்றது. இவ்வளவும் கண்ட பின்னும் இவர் ஏன் மாறவில்லை என்னும் அவ்வினா, திரை விழுந்த பின்னும் நெஞ்சை விட்டு அகல்வதில்லை. அத்தகைய வினாவை எழுப்பும் பாத்திரங்களுள் ஒன்று, ஆங்கில நாடக ஆசிரியர் ஜே. பி. பிரீஸ்ட்லி படைத்த சிபில் பர்லிங் என்னும் அம்மையார்.

பிரீஸ்ட்லி 1894ஆம் ஆண்டில் இங்கிலாந்தின் வட பகுதியில் உள்ள பிராட்போர்டு என்னும் நகரில் பிறந்தவர். அது கம்பளி நெசவால் வளர்ந்த ஊர். அவர் இளமையில் அவ்வூர்க் கம்பளி வாணிக நிலையம் ஒன்றில் எழுத்தராகப் பணிபுரிந்தார். ஆலை முதலாளிகளின் மாளிகைகளையும் தொழிலாளரின் நெருக்கமான தெருக்களையும் நாள்தோறும் கண்டு வளர்ந்தார். முதல் உலகப் போரில் படைவீரராகச் சென்று காயமுற்றார். இரண்டாம் உலகப் போரின்போது, 1940ஆம் ஆண்டில், வானொலியில் அவர் ஆற்றிய உரைகளை மக்கள் ஆவலுடன் கேட்டனர். அப்போர் முடியும் தறுவாயில் அவர் எழுதிய நாடகம் ‘ஆன் இன்ஸ்பெக்டர் கால்ஸ்’ என்பது. ‘ஆய்வாளர் ஒருவர் வருகின்றார்’ என்று அதன் பெயரைத் தமிழில் கூறலாம். 1945ஆம் ஆண்டில் அது சோவியத் நாட்டில் முதன்முதலாக நடிக்கப் பெற்றது. 1946ஆம் ஆண்டில் இலண்டன் மேடை ஏறியது. 1954ஆம் ஆண்டில் திரைப்படமாகவும் வந்தது. பிரிட்டனில் இன்றும் பள்ளி மாணவர் பலர் அதனைப் பாடமாகப் படிக்கின்றனர்.

நாடகம் எழுதப் பெற்ற காலம் வேறு. கதை நிகழும் காலம் வேறு. கதை 1912ஆம் ஆண்டின் இளவேனிற் காலத்தில், பிரம்லி என்னும் கற்பனை நகரில், ஒரே வீட்டில், ஒரே இரவில் நிகழ்கின்றது. அவ்வீட்டின் தலைவர் ஆர்தர் பர்லிங், ஆலை முதலாளி. நகரத் தலைவராக இருந்தவர். விரைவில் அரசரிடம் ‘சர்’ பட்டம் பெறலாம் என எதிர்பார்ப்பவர். அவர் மனைவியே சிபில் அம்மையார். அவர்களுடைய மகள் ஷீலா, மகன் எரிக். ஷீலாவை மணக்க இருக்கும் ஜெரால்டு, இவர்களைவிடப் பெரிய ஆலைக் குடும்பத்து இளைஞன். திருமண உறுதியைக் கொண்டாடும் விருந்துடன் நாடகம் தொடங்குகின்றது.

அவ்விருந்திலேயே அம்மையாரின் இயல்பு மெல்ல வெளிப்படுகின்றது. அவர் ஏறத்தாழ ஐம்பது வயதினர். பிறரோடு ஒட்டாத குளிர்ந்த நோக்கினர். கணவர் உழைத்துப் பொருளீட்டி உயர்ந்தவர்; அம்மையாரோ பிறப்பிலேயே அவரினும் மேலான குடியைச் சேர்ந்தவர். உணவு நன்றாக இருந்தது என்று கணவர் விருந்தினர்முன் புகழ, அவ்வாறு பேசுதல் முறையன்று என அம்மையார் கடிந்து கொள்கின்றார். மகள் சற்றே கொச்சையான சொல் ஒன்றை ஆளும்போதும் அவ்வாறே கண்டிக்கின்றார். எந்தச் சொல் தகும், எது தகாது என்பதில் அவருக்கு ஐயமே இல்லை. உணவு படைக்கும் எட்னா என்னும் பணிப்பெண் அதே அறையில் வந்து போகின்றாள். அவளும் உழைத்து உண்ணும் ஓர் இளம்பெண்ணே. ஆயினும் ஏவல் இடுவதற்கன்றி அவளைப் பொருட்படுத்துவார் அங்கு இல்லை. அம்மையார் எத்தகைய மக்களைக் கண்டும் காணாதவராக வாழ்கின்றார் என்பதற்கு எட்னாவே முதற் சான்று.

விருந்து முடிந்து களிப்பு மிகுந்திருக்கும் வேளையில், கூல் என்னும் காவல் ஆய்வாளர் ஒருவர் வருகின்றார். ஈவா ஸ்மித் என்னும் ஏழைப் பெண் ஒருத்தி நஞ்சுண்டு மருத்துவமனையில் இறந்தாள் என்று அவர் தெரிவிக்கின்றார். பின்னர் ஒருவர்பின் ஒருவராக அங்குள்ளோரை வினவுகின்றார். அவ்வினாக்களால் ஒரு துயரக் கதை வெளிப்படுகின்றது.

ஈவா முதலில் பர்லிங்கின் ஆலையில் வேலை செய்தவள். வாரக் கூலி இருபத்திரண்டரை ஷில்லிங் என்றிருந்ததை இருபத்தைந்து ஷில்லிங்காக உயர்த்த வேண்டும் எனத் தொழிலாளர் கேட்டனர், வேலைநிறுத்தம் செய்தனர், தோற்றனர். அதில் முன்னின்றவருள் ஒருத்தியாகிய ஈவாவை 1910ஆம் ஆண்டு செப்டம்பரில் பர்லிங் வேலையிலிருந்து நீக்கினார். பின்னர் அவளுக்குத் துணிக்கடை ஒன்றில் வேலை கிடைத்தது. அங்கே ஆடை வாங்கச் சென்ற ஷீலா, தனக்குப் பொருந்தாத உடை அப்பெண்ணுக்குப் பொருந்தியது கண்டு பொறாமை கொண்டாள். அவளை நீக்காவிடில் தன் குடும்பம் இனி அக்கடைக்கு வாராது என மேலாளரை மிரட்டினாள். ஈவா வேலை இழந்தாள். அதன்பின் ஜெரால்டு அவளுக்குப் புகலிடம் தந்து, சில திங்கள் அன்பு காட்டிப் பின் கைவிட்டான். இறுதியில் குடிமயக்கத்தில் இருந்த ஓர் இளைஞனால் அவள் கருவுற்றாள். உதவி நாடி மகளிர் அறச்சங்கம் ஒன்றின் கதவைத் தட்டினாள். அச்சங்கத்தின் செல்வாக்கு மிக்க உறுப்பினரே சிபில் பர்லிங் அம்மையார்.

அம்மையார் ஆய்வாளரை எதிர்கொள்ளும் முறை மற்றவர் முறையினின்றும் வேறானது. அவர் மிடுக்குடனும் தன்னம்பிக்கையுடனும் அறைக்குள் நுழைகின்றார். தம் கணவர் நகரத் தலைவராக இருந்தவர், நீதிபதி பொறுப்பு வகிப்பவர் என்பதை ஆய்வாளர்க்கு உணர்த்த முயல்கின்றார். அத்தகைய பெண்கள் ஏன் இறக்கின்றனர் என்பது தம் போன்றோர்க்கு விளங்காது என்கின்றார். இந்நிலையில் ஷீலா தாயைத் தடுக்கின்றாள். அப்பெண்ணுக்கும் தமக்கும் இடையே சுவர் எழுப்ப முயன்றால், ஆய்வாளர் அதனை எளிதில் இடித்துவிடுவார் என எச்சரிக்கின்றாள். அம்மையார்க்கு அவ்வெச்சரிக்கை விளங்கவில்லை. மகள் களைப்புற்றிருக்கின்றாள், உறங்கச் செல்லட்டும் என்றே அவர் எண்ணுகின்றார்.

சுவர் என்பது இங்கு மிகப் பொருத்தமான உவமை. சுவர் வெளியே உள்ளவரை உள்ளே விடாது. உள்ளே இருப்பவர்க்கும் வெளியே நிகழ்வது தெரியாது. நகரப் பெரியோருள் ஒருவர் குடியிலும் ஒழுக்கக் கேட்டிலும் ஊரறிந்தவர் என்பதை ஜெரால்டு கூற, அம்மையார் திடுக்கிடுகின்றார். ஷீலாவோ அதனை முன்பே அறிந்திருக்கின்றாள். எரிக் இரண்டு ஆண்டுகளாக அளவுமீறிக் குடித்து வருகின்றான் என்பதை ஜெரால்டும் ஷீலாவும் அறிவர். பெற்ற தாய் அறியார். அவன் இன்னும் சிறுவனே என்று அவர் சாதிக்கின்றார். ஏழையரைக் காணாதிருக்க எழுப்பிய சுவர், தம் வீட்டு மகனையும் காணாதபடி அவர் கண்ணை மறைத்துவிட்டது.

அம்மையார் சார்ந்திருந்த அறச்சங்கம் எத்தகையது என்பதை அறிதல் வேண்டும். அக்காலத்து இங்கிலாந்தில் வறியவர்க்கு அரசு தந்த காப்பு மிகச் சிறிது. முதியோர்க்கு ஓய்வூதியம் அளிக்கும் சட்டம் 1908ஆம் ஆண்டில் வந்தது. நோயுற்ற தொழிலாளர்க்கும் சில தொழில்களில் வேலையிழந்தோர்க்கும் காப்பீடு தரும் சட்டம் 1911ஆம் ஆண்டில் இயற்றப் பெற்றது. இவற்றுக்கு அப்பால், 1834ஆம் ஆண்டுச் சட்டத்தின்படி ஏற்பட்ட கடுமையான ஏழையர் விடுதிகள் இருந்தன. அவற்றுள் நுழைவதைச் சாவினும் கொடிதாக மக்கள் எண்ணினர். எஞ்சியிருந்தவை செல்வர் நடத்திய அறச்சங்கங்களே. இலண்டனில் 1869ஆம் ஆண்டில் தோன்றிய அறநிறுவனச் சங்கம் உதவி கேட்போரை ஆராய்ந்து, உதவிக்குத் தக்கவர், தகாதவர் என இருவகையாகப் பிரிக்கும் முறையைப் பரப்பியது. வீண்செலவைத் தடுக்க அம்முறை எழுந்தது என்பது உண்மையே. ஆயினும், ஒருவர் தக்கவரா அல்லரா என்பதைத் தீர்மானித்தவர் வறுமையை ஒருநாளும் அறியாத செல்வக் குடியினர். பசித்தவர் தம் பசியை மட்டும் காட்டினால் போதாது. தம் பணிவையும் காட்ட வேண்டியிருந்தது.

ஈவா அப்பணிவைக் காட்டத் தவறினாள். தன் உண்மைப் பெயரைச் சொல்ல அஞ்சிய அவள், தன்னைத் ‘திருமதி பர்லிங்’ என்று சொல்லிக் கொண்டாள்; கணவன் கைவிட்டதாகவும் கூறினாள். தம் குடும்பப் பெயரை ஓர் ஏழைப் பெண் எடுத்தாண்டது அம்மையாரின் சினத்தைக் கிளறியது. அது நாணமற்ற துடுக்கு என்று அவர் கருதினார். அந்தக் கணமே அவர் உள்ளத்தில் தீர்ப்பு எழுதப் பட்டுவிட்டது. அதன்பின் அவள் கூறிய எதுவும் அவர் செவியில் ஏறவில்லை. தம் செல்வாக்கைப் பயன்படுத்தி, சங்கம் அவளுக்கு உதவ மறுக்குமாறு செய்தார். ஆய்வாளர் இதனை வினவும்போதும் அவர் மறைக்கவில்லை. தாம் செய்தது கடமையே என்று தலைநிமிர்ந்து கூறுகின்றார்.

இங்கே கூர்ந்து நோக்கத் தக்க செய்தி ஒன்று உண்டு. ஈவா அம்மையாரிடம் சொன்னவற்றுள் பெயரும் கணவன் கதையும் பொய், மற்றவை மெய். குழந்தையின் தந்தை மிக இளையவன், குடிப்பழக்கமுள்ளவன், பொறுப்பறியாதவன். அவனை மணந்து அவன் வாழ்வைக் கெடுக்கத் தனக்கு விருப்பமில்லை என்று அவள் கூறினாள். அவன் கொடுத்த பணம் திருடப் பட்டது என அறிந்ததால் மேலும் பெற மறுத்துவிட்டேன் என்றும் கூறினாள். இக்கடைசிச் செய்தியை அம்மையார் நம்பவே இல்லை. அத்தகைய நிலையில் உள்ள ஒருத்தி, வரும் பணத்தை வேண்டாம் என்பாளா என்று எள்ளினார். உயர்ந்த எண்ணமும் நுண்ணிய மானமும் தம் குடியினர்க்கே உரியவை; தொழிலாளப் பெண் அவற்றை உடையவள்போல் நடிப்பது நகைப்புக்குரியது என்பது அவர் கருத்து.

உண்மை என்ன? பணத்தைத் திருடியவன் அம்மையாரின் மகன் எரிக். தந்தையின் அலுவலகத்திலிருந்தே அவன் அதனை எடுத்தான். அவன் அவளுக்குக் கொடுத்தது மொத்தம் ஏறத்தாழ ஐம்பது பவுன். ஒரு பவுனுக்கு இருபது ஷில்லிங். ஆகவே அது ஆயிரம் ஷில்லிங். ஈவா கேட்டும் கிடைக்காத வாரக் கூலி இருபத்தைந்து ஷில்லிங் என்பதை நினைவிற் கொண்டால், அத்தொகை அவளுக்கு நாற்பது வார உழைப்பின் ஊதியம் ஆகும். வயிற்றில் கருவும் கையில் வறுமையும் கொண்டிருந்த நிலையில், திருட்டுப் பணம் எனத் தெரிந்ததும் அவள் அதனை மறுத்தாள். செல்வத்தில் பிறந்த மகன் திருடினான். கூலிக்கு உழைத்த பெண் திருட்டைத் தீண்டாது நின்றாள். நேர்மை குடிப்பிறப்பைப் பொறுத்தது என்னும் அம்மையாரின் நம்பிக்கையைப் பொய்யாக்க இதனினும் தெளிவான சான்று வேண்டியதில்லை. அச்சான்று அவர் முன்னே வந்து, அவரிடமே முறையிட்டது. சொல்லப்பட்ட செய்தியை ஆராயாமல், சொல்பவளின் உடையையும் குடியையும் மட்டும் நோக்கியதால், அவர் அதனைப் பொய் எனத் தள்ளினார்.

தம்மீது பழி வருவதை உணர்ந்த அம்மையார் அதனைப் பிறர்மேல் ஏற்றுகின்றார். முதலில் அப்பெண்ணையே குறை கூறுகின்றார். அடுத்து, அவளைக் கைவிட்ட இளைஞனைச் சாடுகின்றார். அவன் குடிகாரச் சோம்பேறி. அவன்மேல் சிறிதும் இரக்கம் காட்டலாகாது. அவன் தன் குற்றத்தை வெளிப்படையாக ஒப்புக்கொள்ளுமாறு செய்து, தக்க தண்டனை அளிக்க வேண்டும் என்று ஆய்வாளர்க்கே அறிவுரை கூறுகின்றார். ஆய்வாளர் அமைதியாகக் கேட்டுக் கொண்டிருக்கின்றார். அவ்விளைஞன் யார் என்பதை உணர்ந்துகொண்ட ஷீலா, பேசாதிருக்குமாறு தாயிடம் பதறிக் கெஞ்சுகின்றாள். அம்மையார் நிறுத்தவில்லை. சிறிது நேரத்தில் வீட்டின் வாயிற் கதவு திறக்கும் ஓசை கேட்கின்றது. முகம் வெளிறிய எரிக் அறைக்குள் வந்து நிற்கின்றான். அத்துடன் இரண்டாம் அங்கம் முடிகின்றது.

தாம் அமைத்த தூக்கு மேடைக்குத் தம் மகனையே அழைத்து வந்த தாயின் நிலை அது. நீதி வழுவாது தண்டனை வழங்க வேண்டும் என முழங்கியவர், குற்றவாளி தம் மகன் என்று கண்டதும் அத்தண்டனையைப் பற்றி மறுபடி பேசவில்லை. ஏழைப் பெண்ணுக்கு ஒரு நீதி, தம் மகனுக்கு ஒரு நீதி என்று அவர் வாய்விட்டுச் சொல்லவில்லை; அவர் மௌனமே அதனைச் சொல்லிவிடுகின்றது. எரிக் கொதித்தெழுகின்றான். உதவி நாடி வந்தவளைத் துரத்தி, அவளையும் அவள் வயிற்றிலிருந்த குழந்தையையும் கொன்றவர் தாயே என்று அலறுகின்றான். அக்குழந்தை அவருக்குப் பேரக் குழந்தை. தாம் வேற்றார் என எண்ணி விரட்டியது தம் குருதியையே என்பது அப்போதுதான் அவருக்குத் தெரிகின்றது. அந்த ஒரு நொடி அம்மையார் உடைந்து போகின்றார். தமக்குத் தெரியாது, தமக்கு விளங்கவில்லை என்று தடுமாறுகின்றார்.

மனிதர் அனைவரும் ஒருவர்க்கொருவர் பொறுப்புடைய ஒரே குடும்பத்தவர். அதனை உணராவிடின் நெருப்பாலும் குருதியாலும் துன்பத்தாலும் உணர வேண்டி வரும் என்னும் கருத்தை எடுத்துரைத்துவிட்டு ஆய்வாளர் செல்கின்றார். அவர் சென்ற பிறகு நிகழ்வதே அம்மையாரின் இயல்பை முற்றும் காட்டுகின்றது. வந்தவர் உண்மையான காவல் ஆய்வாளர்தாமா என்னும் ஐயம் எழுகின்றது. காவல் நிலையத்தில் அப்பெயருடையார் இல்லை. மருத்துவமனையிலும் அன்று அவ்வாறு எவரும் இறக்கவில்லை என்று தொலைபேசியால் தெரிகின்றது. உடனே அம்மையார் முகம் மலர்கின்றது. அவர் உடைவு ஒரு மணி நேரம்கூட நிலைக்கவில்லை. அந்த மனிதருக்குப் பணியாதிருந்தவர் தாம் ஒருவரே என்று பெருமை கொள்கின்றார். அழுது நிற்கும் மக்கள் இருவரும் களைப்பால் அவ்வாறு பேசுகின்றனர். காலையில் அவர்களும் இதை எண்ணிச் சிரிப்பர் என்று அமைதி அடைகின்றார்.

ஷீலா அவ்வாறு அமைதி அடையவில்லை. வந்தவர் யாராயினும் ஆகுக. தாங்கள் செய்தவை செய்தவையே அன்றோ என்று அவள் கேட்கின்றாள். ஆலையிலிருந்து நீக்கியது பொய்யா? கடையிலிருந்து துரத்தியது பொய்யா? உதவி மறுத்தது பொய்யா? இறந்தவள் இல்லை என்றால் அது நல்வினைப் பயன். அதனால் செய்த குற்றம் இல்லாமற் போகாது. தாயும் மகளும் ஒரே வீட்டில் வாழ்ந்தவர்கள். ஒரே செருக்கில் திளைத்தவர்கள். ஷீலா செய்த தீங்கும் சிறியதன்று. ஆனால் அவள் தன் செயலை நோக்கினாள். தாயோ அச்செயலின் விளைவு வெளியே தெரியுமா என்பதையே நோக்கினார். ஊர் அறியாது என்றவுடன் தாய்க்குக் கவலை தீர்ந்தது. தன் நெஞ்சம் அறியும் என்பதால் மகளுக்குக் கவலை தீரவில்லை.

இவ்வளவும் கொண்டு அம்மையாரைக் கொடியவர் என்று கூறிவிடுதல் எளிது. அவ்வாறு கூறிவிட்டால் நாடகத்தின் பொருள் பாதி நழுவிப் போகும். அவர் பிறர் துன்பத்தில் இன்பம் காண்பவர் அல்லர். தம் நேரத்தைச் செலவிட்டு அறச்சங்கப் பணி செய்பவர். அங்கு வந்தோர் பலர்க்கு உதவியும் புரிந்தவர். ஆய்வாளரின் வினாக்களுக்கு ஏனையோர் நடுங்கியபோது, தாம் நம்பியதை அஞ்சாது கூறியவர். துணிவும் ஒழுங்கும் கடமையுணர்வும் அவரிடம் உண்டு. அக்குணங்கள் யாவும் ஒரு தவறான நம்பிக்கைக்கு ஏவல் புரிந்ததே அவர் வாழ்வின் கேடு. தாம் உயர்குடியில் பிறந்ததையே தாம் நல்லவர் என்பதற்குச் சான்றாக அவர் கொண்டார். அதனால் தம்மை ஆராயும் தேவை அவருக்கு எழவில்லை. தம்மைத் தாமே ஆராயாதவர்க்குத் தம் குற்றம் தெரியாது. தெரியாத குற்றத்துக்கு எவரும் வருந்துவதில்லை. அவர் திருந்தாமைக்குக் காரணம் இதுவே.

இன்னொரு காரணமும் உண்டு. வருத்தம் பிறக்க வேண்டுமாயின், தீங்குற்றவர் தம்மைப் போன்ற ஓர் உயிர் என்று முதலில் உணர்தல் வேண்டும். அம்மையார் இறுதிவரை ஈவாவை ஒரு தனிப் பெண்ணாக எண்ணவில்லை. ஒரு வகையைச் சேர்ந்தவள் என்றே எண்ணினார். வகைக்குப் பெயர் இல்லை, முகம் இல்லை, பசியும் இல்லை. ஆய்வாளர் அவளுடைய நிழற்படத்தைக் காட்டியபோதும், அவளைக் கண்டதில்லை என்றே அம்மையார் முதலில் மறுத்தார். இரண்டு வாரங்களுக்கு முன் எதிரே நின்று கண்ணீர் விட்டவளை அவர் கண்கள் கண்டன. உள்ளம் காண மறுத்தது.

பிரீஸ்ட்லி விரும்பியிருந்தால் அம்மையாரையும் இறுதியில் அழச் செய்திருக்கலாம். அவ்வாறு செய்யாமைக்கு அவர் எழுதிய காலம் விடை தருகின்றது. 1912ஆம் ஆண்டுக்கும் 1945ஆம் ஆண்டுக்கும் இடையே இரண்டு உலகப் போர்கள் நிகழ்ந்தன; வேலையின்மையும் வறுமையும் தலைவிரித்தாடின. இரண்டாம் போரில் குண்டு வீச்சுக்குச் செல்வர், ஏழை என்னும் வேறுபாடு தெரியவில்லை. போர் முடிந்ததும் பழைய ஏற்றத்தாழ்வுக்கே திரும்புவதா, புதிய வாழ்வு அமைப்பதா என்னும் வினா பிரிட்டன் மக்கள்முன் நின்றது. 1942ஆம் ஆண்டில் வெளிவந்த பெவரிட்ஜ் அறிக்கை, பிறப்பு முதல் இறப்பு வரை குடிமக்களுக்குச் சமூகக் காப்பு வேண்டும் என வற்புறுத்தியது. 1945ஆம் ஆண்டுத் தேர்தலில் தொழிற் கட்சி பெருவெற்றி பெற்றது. 1948ஆம் ஆண்டில் அனைவர்க்கும் இலவச மருத்துவம் வந்தது. பழைய ஏழையர் சட்டமும் அவ்வாண்டிலேயே ஒழிந்தது.

அம்மையார் போன்றோர் மனம் மாறும்வரை ஏழையர் காத்திருக்க இயலாது என்பதே பிரீஸ்ட்லி உணர்த்திய உண்மை. ஒருவர் உண்ணுவதும் உயிர் வாழ்வதும் மற்றொருவரின் விருப்பு வெறுப்பைப் பொறுத்து அமையுமாயின், அங்கே அறம் நிலையாது. அம்மையார்க்குப் பதில் இரக்கமுள்ள ஒருவர் அன்று அச்சங்கத்தில் இருந்திருந்தால் ஈவா பிழைத்திருக்கலாம். ஆனால் ஓர் உயிர் பிழைப்பது அத்தகைய தற்செயலைப் பொறுத்திருத்தல் முறையோ? உதவி என்பது கொடுப்பவரின் கருணையாக மட்டும் நில்லாமல், பெறுபவரின் உரிமையாகவும் ஆக வேண்டும் என்னும் எண்ணம் அக்காலத்தில் வலுப்பெற்றது. திருந்தாத அம்மையார் அவ்வெண்ணத்தின் தேவையைக் காட்டுவதுபோல், திருந்திய அம்மையார் காட்டியிருக்க இயலாது.

இளையோர்மீதே ஆசிரியர் நம்பிக்கை வைத்தார். எரிக்கும் ஷீலாவும் பெற்றோரிடமிருந்து செல்வத்தையும் செருக்கையும் பெற்றனர். எனினும், தவறு கண்டபோது அதனை ஒப்புக்கொள்ளும் நேர்மையைத் தாமே தேடிக்கொண்டனர். நாடகத்தைக் காணும் இளைஞர் ஒவ்வொருவரும் அவ்விரவில் தாய்வழி நிற்பதா, மகள்வழி நிற்பதா எனத் தேர வேண்டியவராகின்றனர். செல்வம் உடையார்க்கு மட்டும் உரிய தேர்வன்று இது. தன்னைவிடத் தாழ்ந்தவர் என ஒருவரை எண்ணி, அவர் சொல்லைக் கேளாமலே தீர்ப்பளிக்கும் இடமெல்லாம் பர்லிங் அம்மையார் அமர்ந்திருக்கும் இடமே.

நாடகத்தின் முடிவு சுருக்கமானது. வந்தவர் பொய்யர் என்று எண்ணிப் பர்லிங்கும் அம்மையாரும் களித்திருக்கையில், தொலைபேசி மணி ஒலிக்கின்றது. நஞ்சுண்ட பெண் ஒருத்தி மருத்துவமனைக்குச் செல்லும் வழியில் இப்போதுதான் இறந்தாள். அதுபற்றி வினவக் காவல் ஆய்வாளர் ஒருவர் அவ்வீட்டுக்கு வந்து கொண்டிருக்கின்றார் என்று செய்தி வருகின்றது. அனைவரும் திகைத்து நிற்கத் திரை விழுகின்றது. அம்மையார்க்கு மீண்டும் ஒரு வாய்ப்பு வருகின்றது. அதே வினாக்களுக்கு இம்முறை அவர் என்ன விடை அளிப்பார் என்பதை ஆசிரியர் கூறவில்லை.